யூசுப்சாய்: ஒட்டி நிற்கும் 'மகன்'

மலாலா யூசுப்சாய் என்ற பெயரில் வரும் யூசுப்சாய் தந்தை பெயரன்று, குலப்பெயர். நாம் பட்டாணியர் என்று சொல்லிப் பழகிய பஷ்தூன்களின் பெருங்குலங்களுள் அது ஒன்று.

அவர்கள் பேசும் பஷ்தோ மொழியில் 'சோய்' என்றால் மகன். குலப்பெயர்களின் இறுதியில் அதுவே 'சய்' என்று ஒட்டிக்கொள்ளும். அதைத்தான் நம் நாளிதழ்கள் 'சாய்' என்று எழுதுகின்றன. யூசுப் என்ற முன்னோரின் பிள்ளைகள் யூசுப்சாய். போப்பலின் பிள்ளைகள் போப்பல்சாய். ஆப்கானிஸ்தான் அதிபராக இருந்த அமீது கர்சாய் போப்பல்சாய் குலத்தவர். பிறத்தல் என்னும் பொருளுடைய பழைய வேரிலிருந்து வந்த சொல் இது. 'ஷாஜாதா' (மன்னன் மகன்) என்ற பாரசீகச் சொல்லில் உள்ள 'ஜாதா' இதற்கு உறவு. சாயிபாபாவின் 'சாயி'க்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

காந்தஹார்ப் பக்கமிருந்து காபூலுக்கும், அங்கே ஆட்சியாளரோடு பகை முற்றியதும் பெஷாவர்ச் சமவெளிக்கும் நகர்ந்தவர்கள் யூசுப்சாய்கள். இன்று பாகிஸ்தானின் சுவாத், புனேர், மர்தான், சுவாபி பகுதிகளில் நிறைந்து வாழ்கிறார்கள். பாபர் 1519இல் இக்குலத்தலைவர் ஷா மன்சூரின் மகள் பீபி முபாரிக்காவை மணந்தார். அந்த மண உறவு அவர் பேரன் காலத்துக்கு நிலைக்கவில்லை. 1586இல் இவர்களை அடக்க அக்பர் அனுப்பிய படை மலைக்கணவாயில் சிக்கிச் சிதைந்தது. நாம் சிறுவயதில் கதை கேட்டு வளர்ந்த பீர்பால் இறந்தது அந்தப் போரில்தான். சுவாத்தின் மிங்கோராவில் 1997இல் பிறந்த மலாலா, 2014இல் 17 வயதில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார்.

'சாய்'க்குத் தமிழில் நேர்ச்சொல் உண்டா? உண்டு, அதுவும் அதே இடத்தில், பெயரின் வாலில். அதியர் மகன் அதியமான். சேரர் மகன் சேரமான். வேள் மகன் வேண்மான். 'மகன்' தேய்ந்து 'மான்' ஆனது. திருக்கோவலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டெடுத்த கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியை 'சதியபுதோ' என்று அழைக்கிறது. அசோகரின் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியரோடு வரும் சத்தியபுத்திரர் அதியமான்களே என்பது அதனால் தெளிவானது. கேரளபுத்திரர் சேரமான்களே. 'புத்திர' என்பது 'மான்' என்பதன் மொழிபெயர்ப்பு.

அந்த அசோகர் சாசனத்தின் ஒரு படி மர்தான் மாவட்டத்தில், ஷாபாஸ்கடி என்ற ஊரின் பாறையில் கரோஷ்டி எழுத்தில் இருக்கிறது. யூசுப்சாய்களின் நடுநிலம் அது! அவர்கள் அங்கே வந்து சேர்வதற்குப் பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன்பே, நம் அதியமானையும் சேரமானையும் 'மகன்' என்ற ஒட்டோடு சொல்லும் கல் அங்கே கிடந்திருக்கிறது. இதை முதலில் அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆள்பெயரில் யூசுப்சாய் என்பதை அப்படியே விட்டுவிடலாம். குலத்தைச் சொல்லும்போது 'யூசுப் வழியினர்' என்பது பொருந்தும். செய்திகளில் வரும் 'யூசுப்சாய் பழங்குடி' என்ற தொடர் எனக்கு உடன்பாடில்லை. பழங்குடி என்றதும் நம் மனத்தில் எழும் காட்டுவாழ்க்கைக்கும் மர்தான் சமவெளியில் உழுது பயிரிடும் நிலக்கிழார்களுக்கும் ஒட்டாது. குலம் என்பதே சரி. அதன் உட்பிரிவான 'கேல்' என்பதைக் கிளை என்று எழுதலாம், பேச்சில் வகையறா.

இன்னொரு சொல், 'தர்பூர்'. பெரியப்பா, சித்தப்பா மகனைக் குறிக்கும் உறவுச்சொல் அது. நிலத்திலும் தலைமையிலும் போட்டிக்கு நிற்பவன் அவனே என்பதால் பகையாளி என்ற பொருளும் அதற்கு ஏறிவிட்டது. தமிழில் அதை மொழிபெயர்க்க அகராதி வேண்டாம்: பங்காளி.