ரேகை விழவில்லை என்றால் உதவித்தொகை இல்லை என்று பொருளல்ல

"ரேகை விழல பாட்டி, அடுத்த மாசம் பாத்துக்கலாம்." முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி உதவித்தொகை கொடுக்கும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பதில் இது. ஏன் விழவில்லை என்று யாரும் சொல்வதில்லை. பணம் வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது, அதை எடுக்க வேறு வழி உண்டு என்றும் சொல்வதில்லை. வெறுங்கையோடு திரும்புகிறவர் அரசே தன் பெயரை நீக்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்.

முதலில், கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். வங்கியின் சார்பில் ஊருக்கே வந்து பணம் கொடுக்கும் முகவர் கொண்டுவரும் கைரேகைக் கருவி ஆளை அடையாளம் காண்பதில்லை. அது விரலைப் படம் பிடித்து, 12 இலக்க ஆதார் எண்ணோடு சேர்த்து மறைகுறியாக்கி அனுப்புகிறது, அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு உரிய பழைய பதிவோடு ஒப்பிடுவது ஆதார் ஆணையத்தின் மையச் சேமிப்பகம். ரேகைக் கோடுகள் முடியும் இடங்களும் பிரியும் இடங்களும் போதிய அளவு பொருந்தினால் 'ஆம்', குறைந்தால் 'இல்லை' என்று பதில் வரும். அந்த 'இல்லை'க்கு இன்றைய படமும் பழைய படமும் போதுமான அளவு ஒத்துப்போகவில்லை என்று மட்டுமே பொருள். வந்தவர் வேறு ஆள் என்று பொருள் இல்லை.

ஒத்துப்போகாமல் இருக்கக் காரணங்கள் நிறைய. வயது ஏற ஏறத் தோல் உலர்ந்து, ரேகை மேடுகள் தாழ்ந்துவிடும். சிமெண்டும் சுண்ணாம்பும் பிசைந்த கை, உப்பளத்தில் உழைத்த கை, பீடி சுற்றிய கை, சலவைத்தூளில் ஊறிய கை எல்லாம் தேய்ந்தவை. முந்திரிக்கொட்டை உடைப்பவர்களுக்கு ஓட்டின் எண்ணெயே தோலை அரித்துவிடும். ஆக, உதவித்தொகை யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்குத்தான் ரேகை குறைவாக விழுகிறது. இந்த முறையின் மிகப் பெரிய குறை இதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

அதே சமயம், தேய்ந்த விரல் என்று ஒதுக்கப்படுவதில் கணிசமானது வைக்கும் முறையைத் திருத்தினாலே சரியாகிவிடும். உலர்ந்த விரல் கண்ணாடியில் ஒட்டாது, கோடுகள் துண்டு துண்டாக விழும். ஈர விரலில் பள்ளங்களிலும் நீர் நிரம்பி, படம் கறுத்துப் போகும். எனவே கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் ஒற்றி, ஓரிரு நிமிடம் பொறுத்து வைக்க வேண்டும். மிகவும் வறண்ட விரலாக இருந்தால் துளி எண்ணெய் தேய்த்து நன்றாகத் துடைத்துவிட்டு வைக்கலாம். மை தடவி உருட்டிக் கைநாட்டு வைத்துப் பழகியவர்கள் கருவியிலும் விரலை உருட்டுவார்கள். உருட்டினால் ரேகை இழுபட்டுப் பொருந்தாது. நுனியை ஊன்றாமல், விரலின் சதைப்பற்றான நடுப்பகுதியைத் தட்டையாக வைத்து அசைக்காமல் இருக்க வேண்டும். பதறிப்போய் அழுத்தினால் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்.

முகவர் கவனிக்க வேண்டியதும் உண்டு. முன்னால் வந்தவரின் வியர்வைத் தடம் கண்ணாடியில் இருந்தால் அடுத்தவருக்கு ரேகை விழாது. ஒவ்வொருவருக்கும் உலர்ந்த மென்துணியால் துடைக்க வேண்டும். நேர் வெயில் கருவியில் படக்கூடாது. வலது கட்டைவிரலையே பத்து முறை வைக்கச் சொல்வதில் பயனில்லை. பதிவின்போது கொடுத்த பத்து விரல்களில் எதையும் வைக்கலாம். பல முதியவர்களுக்கு மோதிர விரலோ இடது கை விரலோ நன்றாக விழும். எந்த விரல் விழுந்தது என்பதை வங்கிப் புத்தகத்தின் உள்அட்டையில் எழுதி வைத்தால், அடுத்த மாதம் அந்த விரலிலிருந்தே தொடங்கலாம்.

அப்படியும் விழவில்லையென்றால் திரையில் வரும் பிழை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இது அலட்சியப்படுத்தக்கூடாத விவரம். 300 என்றால் ரேகை பொருந்தவில்லை. 330 என்றால் தன் ரேகையை வேறு யாரும் பயன்படுத்தாதபடி ஆதார்தாரரே உயிரியல் பூட்டு போட்டிருக்கிறார், விரலில் குறையில்லை. 811 என்றால் ஒப்பிட வேண்டிய பதிவே மையச் சேமிப்பகத்தில் இல்லை. 997 என்றால் ஆதார் எண் இடைநிறுத்தப்பட்டுள்ளது. எல்லாவற்றுக்கும் தீர்வு ஒன்றல்ல. 811-க்கும் 997-க்கும் எத்தனை முறை விரல் வைத்தாலும் பயனில்லை, ஆதார் சேவை மையத்துக்குத்தான் போக வேண்டும். 300 தொடர்ந்து வந்தால் அங்கேயே பத்து விரல், இரு கருவிழி, முகம் மூன்றையும் புதுப்பிக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் அவசரத்தில் எடுத்த மோசமான பதிவுதான் சிக்கலாக இருக்கும். போகும்போது செல்பேசி எண்ணையும் இணைத்துவிடுங்கள், அதற்குத் தனி ஆவணம் தேவையில்லை. ஓய்வூதியர்கள் உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்றுக்கு 2021 நவம்பர் முதல் முகச் சரிபார்ப்பும் இருக்கிறது. வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்து கண் சிமிட்டினால் போதும், விரலே வேண்டாம்.

அதுவரை பணத்துக்கு என்ன செய்வது? நேரடிப் பணப் பரிமாற்றத்தில் தொகை கணக்கில் ஏறிவிடுகிறது. ரேகை கேட்பது முகவரிடம் எடுப்பதற்காகத்தான். வங்கிக் கிளைக்குப் புத்தகத்தோடு போய், பணமெடுப்புச் சீட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து எடுக்கலாம். எழுந்து வர முடியாத நோயாளியாக இருந்தால், கைநாட்டையோ கால்விரல் நாட்டையோ இரு சாட்சிகள் உறுதிசெய்தால் வங்கி ஏற்க வேண்டும். அவர்களில் ஒருவர் வங்கி அலுவலராக இருக்க வேண்டும். இது ரிசர்வ் வங்கியின் விதி. கிளையில் "தொகையே வரவில்லை" என்றால் ஆதார் வேறு வங்கியோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக இணைத்த வங்கிக்குத்தான் அரசுப் பணம் போகும். வேறொரு தேவைக்காகத் திறந்து மறந்துபோன கணக்கில் மாதக்கணக்கில் பணம் கிடப்பதுண்டு.

திட்ட நிலையிலேயே ரேகையைக் காரணம் காட்டி நிறுத்தினால், உதவித்தொகைத் திட்டங்களைக் கவனிக்கும் தனி வட்டாட்சியரிடம் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ரேகை விழாத பயனாளிக்கு மாற்று வழியில் நலத்திட்டப் பயனைக் கொடுத்து, தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017 அக்டோபர் 24 சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. சரிபார்ப்புத் தோல்வியால் யாருக்கும் பயன் மறுக்கப்படக்கூடாது என்பதை 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. மனுவில் இந்த இரண்டு தேதிகளையும் எழுதுங்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. முதல் முறையே ரேகை விழுந்து பணம் கழிந்த பிறகு, "விழல, இன்னொரு தடவை வைங்க" என்று சொல்லி இரண்டாவது தொகையை எடுத்துக்கொள்ளும் மோசடி எழுதப்படிக்கத் தெரியாதவர்களைக் குறிவைக்கிறது. ஒவ்வொரு முயற்சிக்கும், தோற்றதற்கும்கூட, ரசீது கேளுங்கள். மாதம் ஒருமுறை வங்கிப் புத்தகத்தில் வரவு செலவு பதியச் சொல்லுங்கள். அறியாத கழிவு இருந்தால் அன்றே வங்கியில் எழுத்துப் புகாரும், 1930 எண்ணில் சைபர் புகாரும் கொடுக்க வேண்டும். பத்திர நகல்களிலிருந்து ரேகை எடுத்து சிலிக்கான் வார்ப்பு செய்து திருடிய வழக்குகளும் உண்டு. அதைத் தடுக்கத்தான் 2023-ல் விரல் உயிருள்ளதா என்று பார்க்கும் கூடுதல் சோதனை வந்தது.

திருட்டுக்குப் பயந்து உயிரியல் பூட்டு போடுவது நல்லதுதான். ஆதார் ஆணையத்தின் செல்பேசிச் செயலியிலேயே போடலாம். ஆனால் திறக்க ஓ.டி.பி. வேண்டும், தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடத்தில் மறுபடி பூட்டிக்கொள்ளும். எனவே ஆதாரில் இணைத்த செல்பேசி வெளியூரில் மகனிடம் இருக்கும் பாட்டிக்குப் பூட்டு போடுவதற்கு முன், அந்த எண்ணை அவர் கையில் இருக்கும் செல்பேசிக்கு மாற்றுங்கள். மாற்றாமல் போட்டால் அடுத்த மாதம் திரையில் 330 வரும், முகவர் "ரேகை விழல" என்றே சொல்லி அனுப்புவார்.