கடல்மீன் வாங்கும் முன் அது வந்த வழியைக் கேளுங்கள்

மட்டக்களப்புச் சந்தையில் மீன் வாங்க வருகிறவர் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவந்திருந்தால் இன்றைய மீன். கறுத்திருந்தால் விலைகூடக் கேட்காமல் அடுத்த பலகைக்குப் போய்விடுவார். கடலோரத்தில் வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் முதன்முறையாகக் கடல்நீர்த் தொட்டி வைப்பவரும் அதே பழக்கத்தோடுதான் அலங்கார மீன் கடைக்குப் போகிறார். "நேற்றுத்தான் வந்தது" என்று கடைக்காரர் காட்டும் மீன் அவருக்கு நல்ல மீனாகத் தெரிகிறது. கறிக்கு வாங்கும் மீன் கடலை விட்டு வந்து எவ்வளவு குறைந்த நேரமாகிறதோ அவ்வளவு நல்லது. தொட்டிக்கு வாங்கும் மீன் கடையில் எவ்வளவு நாள் இளைப்பாறியிருக்கிறதோ அவ்வளவு நல்லது. தொட்டி மீனை எங்கே வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள பதில், அப்படி இளைப்பாறவிடும் கடையில் என்பதுதான். ஏன் அப்படி என்பதற்கு அந்த மீனின் உடலுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

கப்பி, மொலி, தங்கமீன் போன்ற நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பகுதி பண்ணைத் தொட்டிகளில் பிறந்து வளர்ந்தவை. கடல் அலங்கார மீன்களின் கதை வேறு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இன்றும் முருகைக்கற்பாறைகளில் மனிதர் மூழ்கிப் பிடிப்பவைதான். இலங்கையில் இந்தத் தொழில் பருவக்காற்றைப் பின்தொடர்ந்து நகர்கிறது. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை கிழக்குக் கடல் அமைதியாக இருப்பதால், மேற்கிலும் தெற்கிலும் உள்ள சுழியோடிகள் அப்போது இந்தப் பக்கம் வருகிறார்கள். வாடைக்காற்றுத் தொடங்கியதும் திரும்பிவிடுகிறார்கள். பிடித்த மீன்கள் ஏற்றுமதிக்காகக் கொழும்புப் பக்கம் போகின்றன, விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. ஆகவே கல்குடாவுக்கு அப்பால் பிடிபட்ட மீன் ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர் பயணம் செய்து, மொத்த வியாபாரியின் தொட்டியில் தங்கி, மீண்டும் அதே தூரம் திரும்பி நம்மூர்க் கடைக்கு வரக்கூடும். கடைக்குப் பின்னால் கடல் தெரிகிறது என்பதால் மீன் அலைச்சல் இல்லாமல் வந்திருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

பயணத்தின் முதல் ஆபத்து, மேலே வருவது. முருகைப்பாறை மீன்கள் பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள் வாயு நிறைந்த காற்றுப்பை ஒன்று உண்டு. நீரில் மிதப்பைச் சரிப்படுத்துவது அதன் வேலை. இந்தப் பைக்கு வெளியே போகும் வழி கிடையாது. வாயு இரத்தத்தின் வழியாக மெல்ல மெல்லத்தான் கூடவும் குறையவும் முடியும். 20 மீற்றர் ஆழத்தில் மீனை அழுத்துவது மூன்று வளிமண்டல அழுத்தம், மேற்பரப்பில் ஒன்று. அங்கிருந்து மீனை ஒரே மூச்சில் மேலே கொண்டுவந்தால், அந்தப் பை மூன்று மடங்காக வீங்கப் பார்க்கும். குடலும் ஈரலும் நசுங்கும். பொறுமையான சுழியோடி இடையிடையே நிறுத்தி நிறுத்திக் கொண்டுவருவார். அவசரக்காரர் ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றுவார். அந்தத் துளை வழியே கிருமி நுழைந்தால் மீன் இறக்க ஒரு வாரம்கூட ஆகலாம், அதற்குள் அது விற்பனைக்கு வந்துவிடும். தலை கீழாகச் சரிந்தோ, வால் மேலெழும்பியோ, கீழே போகச் சிரமப்பட்டோ நீந்தும் மீனைக் கடையில் கண்டால், பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது அவசரமாக மேலே இழுக்கப்பட்ட மீனைத்தான்.

பிடிக்கும் முறையிலும் நஞ்சு இருக்கலாம். பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கிப் பிற நாடுகளுக்கும் பரவிய முறை சயனைட்டுக் கரைசலைப் பாறை இடுக்குகளில் பீய்ச்சுவது. உயிரணுக்கள் ஒட்சிசனைப் பயன்படுத்துவதைச் சயனைட்டுத் தடுத்துவிடும். மீன் மயங்கும், பின்னர் தெளிந்தது போலத் தோன்றும், சில நாட்களிலோ வாரங்களிலோ காரணம் தெரியாமல் சாகும். அந்தப் பாறையின் முருகை உயிர்களும் கூடவே சாகும். இலங்கையில் நஞ்சும் வெடியும் கொண்டு மீன் பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் தடைசெய்கிறது. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வந்து கடையில் நிற்கும் மீனுக்கு நம் சட்டத்தால் சான்று தர முடியாது. எந்த நாட்டு மீன், எப்படிப் பிடித்தது என்று கேட்கத் தயங்க வேண்டாம். பதில் தெரிந்த வியாபாரி சொல்வார். கேள்வியே பிடிக்காதவரிடம் வாங்காமல் வருவது நல்லது.

இனிப் பொலித்தீன் பை. இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் வியப்பூட்டும் பகுதி இதுதான். கொஞ்சம் தண்ணீர், மேலே நிறைய ஒட்சிசன், நடுவில் ஒரு மீன். மீன் மூச்சுவிடுகிறது, காபனீரொட்சைட்டு நீரில் சேர்கிறது. செவுள் வழியே அமோனியாவையும் வெளியேற்றுகிறது. பட்டினி போட்டு அனுப்பினால் அமோனியா குறையும் என்பதால்தான் நல்ல ஏற்றுமதியாளர்கள் பையிலிடுவதற்கு முன் ஓரிரு நாள் உணவை நிறுத்துகிறார்கள். அப்படியும் இரவு முழுக்கப் பயணம் செய்தால் பைக்குள் அமோனியா சேரத்தான் செய்யும். பிறகு எப்படி மீன் உயிரோடு வருகிறது?

காப்பாற்றுவது காபனீரொட்சைட்டு. அது நீரில் கரைந்து அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. அமிலத்தன்மை கூடக்கூட பி.எச். பெறுமானம் இறங்கும். கடல்நீரில் அது சாதாரணமாக 8.2 அளவில் இருக்கும், பைக்குள் 7 வரை இறங்கிவிடும். அமோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. மின்னேற்றம் பெற்ற வடிவம் செவுளுக்குள் எளிதில் நுழையாது. மின்னேற்றமில்லாத வடிவம்தான் கொடிய நஞ்சு. பி.எச். 7 இல் நூறு பங்கில் ஒரு பங்குக்கும் குறைவானதே நஞ்சு வடிவில் இருக்கும். 8.2 இல், நம்மூர் வெப்பத்தில், அது ஏழு எட்டுப் பங்காகிவிடும். அதாவது பைக்குள் இருக்கும் அழுக்குத் தண்ணீரே மீனுக்குக் கவசமாக நிற்கிறது.

பையைத் திறந்ததும் கவசம் கழன்றுவிடுகிறது. காபனீரொட்சைட்டு காற்றோடு போகும், பி.எச். ஏறும், அதே அமோனியா நிமிடக் கணக்கில் பல மடங்கு நஞ்சாகும். பையை வாய் திறந்து தொட்டியில் மிதக்கவிட்டு, ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்ப்பதை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். கல்முனைக் கடையில் வாங்கி ஒன்றரை மணி நேரத்தில் மட்டக்களப்புக்குக் கொண்டுவந்த மீனுக்கு அது பொருத்தமான முறைதான், பைக்குள் இன்னும் எதுவும் பெரிதாகச் சேர்ந்திருக்காது. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த பெட்டிக்கு அதே முறை மீனைக் கொல்லும். அப்படி வருவதற்கு முன்கூட்டியே கடையின் உப்பளவைக் கேட்டு, அதற்குச் சமமாக ஒரு தனித் தொட்டியை ஆயத்தம் செய்து, பையை மூடியபடியே மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்தி, திறந்தவுடனேயே மீனை மட்டும் மாற்றிவிட வேண்டும். பைத் தண்ணீர் ஒரு துளியும் தொட்டிக்குள் போகக் கூடாது. எங்கே வாங்குகிறோம் என்பதே எப்படி இறக்குவது என்பதைத் தீர்மானிக்கிறது. இவ்வளவையும் முதல்முறையிலேயே சரியாகச் செய்வது கடினம். புதியவர்கள் தூரத்துக் கடையின் விலைப்பட்டியலைப் பார்த்து மயங்காமல், நேரில் போய்ப் பார்க்கக்கூடிய கடையில் தொடங்குவதே மீனுக்கு நல்லது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

நேரில் போவதில் இன்னொரு நன்மை, வெண்புள்ளி நோய் உள்ள மீனைத் தவிர்க்கலாம். கிரிப்டோகாரியோன் என்ற ஒற்றை உயிரணு ஒட்டுண்ணி அந்த நோய்க்குக் காரணம். அது மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் மூன்று முதல் ஏழு நாள் உண்டு கொழுக்கும். பின்னர் உதிர்ந்து, மணலிலும் கல்லிலும் ஒட்டி, கூடு கட்டிப் பெருகும். அந்தக் கூடுகளில் பெரும்பாலானவை மூன்று நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள் வெடித்து நூற்றுக்கணக்கான குஞ்சு ஒட்டுண்ணிகளை விடும். சில கூடுகள் இரண்டு மாதத்துக்கும் மேல் காத்திருக்கும். பரந்த கடலில் அவற்றில் மிகச் சிலவற்றுக்கே மீன் அகப்படும். கண்ணாடித் தொட்டிக்குள் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் அகப்படும். முதல் சுற்றில் ஒட்டுண்ணிகள் செவுளுக்குள் மட்டும் இருக்கும்போது மேனி பளபளவென்றே தெரியும். நேற்று வந்த மீனை இன்று வாங்குவதன் ஆபத்து இதுதான். இரண்டு மூன்று வாரம் கடையில் நின்று, புள்ளி இல்லாமல், செவுள் வேகமாக அடிக்காமல், போட்ட தீனியை ஓடிவந்து தின்னும் மீன் ஒரு பரீட்சையில் தேறிய மீன்.

ஆனால் அந்த இளைப்பாறல் உண்மையானதா என்று பார்க்க வேண்டும். பல கடைகளில் எல்லாத் தொட்டிகளின் நீரும் கீழே உள்ள ஒரே வடிகட்டித் தொட்டிக்குப் போய்த் திரும்பும். வாரா வாரம் புதுச் சரக்கு அதே நீரில் இறங்கினால், மூன்று வாரம் நின்ற மீனும் மறுபடி முதல் நாளுக்கே வந்துவிடுகிறது. இன்னும் சில இடங்களில் நீரில் எப்போதும் சிறிது செம்பு மருந்து இருக்கும். அது ஒட்டுண்ணியை அடக்கி வைக்கும், உங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் நோய் தலைகாட்டும். செம்பு மீனைவிட இறாலுக்கும் முருகைக்கும் பன்மடங்கு நஞ்சு. எனவே மீன் இருக்கும் அதே நீரில் இறால் நலமாக உலாவினால், அங்கே மருந்தளவுக்குச் செம்பு இல்லை என்று நம்பலாம். புதுச் சரக்கைத் தனியாக வைக்கும் கடைக்குச் சில நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

உப்பளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல்நீர் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்புக் கொண்டது. கடல்மீனின் இரத்தத்தில் அதில் மூன்றிலொரு பங்குதான். அதனால் மீனின் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியே கசிகிறது. மீன் கடல்நீரைக் குடித்துக் குடித்து, மிஞ்சும் உப்பைச் செவுளால் வெளியே தள்ளி உயிர் வாழ்கிறது. களைத்த மீனுக்கு இந்தச் சுமையைக் குறைக்கவும், செலவைச் சுருக்கவும் சில கடைகள் உப்பைக் குறைத்து வைக்கும். உப்புக் கூடிய நீரிலிருந்து குறைந்ததற்கு மீன் எளிதில் மாறும். குறைந்ததிலிருந்து கூடியதற்குத் திடீரென்று மாற்றினால் உடல் வற்றிப்போகும், ஓரிரு நாளில் விழும். மேலேற்றும்போது நாட்கணக்கில் ஏற்ற வேண்டும். மட்டக்களப்பில் கடல்நீரை நேரே அள்ளித் தொட்டிக்குப் பயன்படுத்துவோருக்கு இது இன்னும் முக்கியம். கார்த்திகை, மார்கழியில் வாவி பெருகி, முகத்துவாரம் வழியே வெள்ளம் கடலில் கலக்கும்போது, கரையோர நீர் கலங்கியும் உப்புக் குறைந்தும் இருக்கும். அள்ளுவதானால் மழை ஓய்ந்து பல நாள் கழித்து, முகத்துவாரத்துக்குத் தூரமாக அள்ளி, அளந்து பார்த்துவிட்டே ஊற்ற வேண்டும்.

எந்த மீன் என்ற கேள்விக்கும் எங்கே என்பதில் பாதிப் பதில் இருக்கிறது. செம்மஞ்சள் மேனியில் மூன்று வெள்ளைப் பட்டை கொண்ட சிறிய கோமாளி மீன் இலங்கைக் கடலின் பூர்வீக இனம் அல்ல. ஆனால் தொட்டியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வளர்க்கக்கூடிய கடல்மீன்களில் அதுவும் ஒன்று. அப்படி வளர்த்த குஞ்சு சுழியோடியையும் ஆழத்தையும் கண்டதில்லை, உருண்டைத் தீனியும் அதற்குப் பழகியது. முதல் மீனாக அதையே சொல்வேன். நீலமேனியில் மஞ்சள் முதுகுத் துடுப்புள்ள, பவுடர் புளூ என்று விற்கப்படும் மீன் நம் கடலில் கிடைப்பதுதான், கண்ணைப் பறிப்பதுதான். ஆனால் வெண்புள்ளிக்கு அதைப்போல் இடம்கொடுக்கும் மீன் குறைவு. வண்ணத்துப்பூச்சி மீன்களில் சில இனங்கள் உயிருள்ள முருகையைத் தவிர வேறெதையும் தின்னாமல் பட்டினியால் சாகும். மற்ற மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் கிளீனர் மீனும் தொட்டியில் நெடுநாள் நிலைப்பது அரிது. அதைப் பாறையிலிருந்து எடுத்தால் அங்குள்ள மீன்களுக்கு வைத்தியர் இல்லாமல் போகிறார். இவற்றை யார் விற்றாலும் வாங்காதீர்கள் என்று மன்றாடியே கேட்பேன்.

பாசிக்குடாவில் நாமே பிடித்தால் என்ன என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். முருகையை எடுப்பது இலங்கையில் சட்டப்படி குற்றம். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல இனங்களும் பாதுகாக்கப்பட்டவை. பாசிக்குடாவுக்கு அருகிலுள்ள காயான்கேணிக் கடற்பகுதி 2019 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், பாறை இடுக்கில் ஒளிந்த மீனைப் பழக்கமில்லாதவர் துரத்தினால், வலையில் மீன் அகப்படும் முன்னே முருகைக் கிளைகள் முறிந்திருக்கும். ஒரு கிளை வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர்தான் வளர்கிறது.

எந்தக் கடையின் மீனும் வீட்டுத் தொட்டி முதிராமல் பிழைக்காது. அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு மலிவான மீன்களை முன்னோடியாக விட்டுச் சாகடிக்க வேண்டியதில்லை. தோலுரித்த இறால் ஒன்றைப் போட்டுவைத்தால் அது அழுகும்போது வரும் அமோனியாவே போதும். தொட்டி முதிரும் அந்த வாரங்களில் கடைக்கு இரண்டு மூன்று தடவை போய் வாருங்கள். உங்களுக்குப் பிடித்த மீன் உங்கள் முன்னால் தீனி தின்கிறதா என்று பாருங்கள். முற்பணம் கொடுத்து, இன்னும் இரண்டு வாரம் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். இதற்குச் சம்மதிக்கும் கடைக்காரருக்குத் தன் தொட்டியில் நம்பிக்கை இருக்கிறது. பிறகு ஒரு விடியற்காலையில், வெயில் ஏறும் முன், ரெஜிபோம் பெட்டியோடு போய் எடுத்து வாருங்கள். வெப்பமான நீரில் கரைந்து நிற்கும் ஒட்சிசன் குறைவு. 28 பாகை செல்சியஸ் கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 6.4 மில்லிகிராம்தான் தங்கும், மதிய வெயிலில் நீர் சூடேறினால் அது இன்னும் குறையும்.