நாற்றை நீட்டும் அயனி வாயில்கள்

மண்ணுக்கடியில் இருளில் முளைத்த விதை ஒரே இரவில் விரற்கடை நீளத்துக்குத் தண்டை நீட்டிவிடுகிறது. அத்தனை செல்களும் அந்த இரவில் புதிதாகப் பிறந்தன என்றே எண்ணத் தோன்றும். உண்மையில், இளந்தண்டு நீள்வது பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள செல்கள் நீரை உறிஞ்சி நெடுக விரிவதால்தான். அவ்வாறு விரியவிடாமல் செல்லை இறுக்கிப் பிடித்திருப்பது செல்லுலோஸ் இழைகளால் ஆன செல்சுவர். உள்ளே கார் டயரின் அழுத்தத்தையும் விஞ்சும் நீரழுத்தம் இருந்தும் அது எளிதில் இளகுவதில்லை.

இளகச் செய்யும் கட்டளை ஆக்சின் என்னும் ஹார்மோனிடமிருந்து வருகிறது. புல் முளையின் நுனியை மூடிவிட்டால் அது ஒளியை நோக்கி வளைவதில்லை என்று சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் 1880இல் எழுதினர். ஓட்ஸ் முளையின் நுனியிலிருந்து ஒரு பொருள் அகர் என்னும் கூழ்மத் துண்டுக்குள் இறங்குவதையும், நுனி வெட்டப்பட்ட முளையின் ஒரு பக்கத்தில் அத்துண்டை வைத்தால் முளை வளைவதையும் 1920களில் டச்சுத் தாவரவியலாளர் பிரிட்ஸ் வென்ட் காட்டினார். அப்பொருளே ஆக்சின்.

ஆக்சின் சுவரை நேரடியாகத் தொடுவதில்லை. செல்லுக்குள் சில மரபணுக்களை அது இயக்க, அவற்றால் உருவாகும் சிறு புரதங்கள் செல்சவ்விலுள்ள புரோட்டான் பம்பு அணைந்துவிடாமல் காக்கின்றன. பம்பு ஹைட்ரஜன் அயனிகளை (நேர்மின்னேற்றம் கொண்ட ஹைட்ரஜன் அணுக்களை, அதாவது புரோட்டான்களை) வெளியே தள்ளத் தள்ளச் சுவர் அமிலத்தன்மை அடைகிறது. அந்த அமிலத்தில் எக்ஸ்பான்சின் என்ற புரதம் சுவரிழைகளுக்கு இடையிலான பிடிப்பைத் தளர்த்துகிறது. இதற்கான சோதனை வியக்கத்தக்கது. உறையவைத்து உருக்கிய, உயிரற்ற வெள்ளரி நாற்றுத் தண்டை இழுவிசையில் பிடித்து அமிலக் கரைசலில் நனைத்தால் அது நீள்கிறது. கொதிநீரில் இட்டெடுத்த தண்டு நீள்வதில்லை. ஆனால் எக்ஸ்பான்சினைச் சேர்த்தால் அதுவும் மீண்டும் நீள்கிறது.

சுவர் தளர்ந்தால் மட்டும் போதாது என்பதே என் பார்வையில் இக்கதையின் முக்கியமான பகுதி. நீர் புகப் புக உட்கரைசல் நீர்த்துப்போகும். அதை ஈடுசெய்யாவிட்டால் நீரை இழுக்கும் விசை குன்றி வளர்ச்சி நின்றுவிடும். இங்கும் அதே பம்புதான் உதவுகிறது. நேர்மின்னேற்றம் வெளியேறுவதால் செல்லின் உட்புறம் எதிர்மின்னழுத்தம் கூடி, பெரும்பாலும் மைனஸ் 100 மில்லிவோல்ட்டையும் தாண்டுகிறது. இம்மின்னழுத்தத்தை உணரும் பொட்டாசியம் கால்வாய்கள், அதாவது செல்சவ்விலுள்ள அயனி வாயில்கள், திறந்துகொள்ள, பொட்டாசியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. நீர் அவற்றைத் தொடர்கிறது. இக்கால்வாய்களை அடைக்கும் வேதிப்பொருளை இட்டால், ஆக்சின் இருந்தும் மக்காச்சோள முளை உரியபடி நீள்வதில்லை.

இதே ஏற்பாட்டை ஒளி எதிர்த்திசையில் திருப்புகிறது. இருளில் வளர்ந்த நாற்றின் மீது நீல ஒளி பட்டதும், ஒரு நிமிடத்துக்குள்ளாகவே எதிர்மின் அயனிகளுக்கான கால்வாய்கள் திறக்கின்றன. அயனிகள் வெளியேறி மின்னழுத்தம் சரிய, தண்டின் நீட்சி தணிகிறது.

வேரிலோ ஆக்சினின் விளைவே வேறு. தண்டை நீட்டும் அளவு ஆக்சின் வேரின் நீட்சியைத் தடுக்கிறது. மரபணுக்கள் வினையாற்ற அவகாசமில்லாத அளவுக்கு விரைவாக, கால்சியம் கால்வாய்கள் திறந்து வேர்ச் செல்லின் சுவரில் அமிலத்தன்மை குறைகிறது. கிடைமட்டமாகச் சாய்ந்த வேரின் கீழ்ப்பக்கத்தில் ஆக்சின் கூடுதலாகச் சேர்வதால் அப்பக்கம் தாமதிக்க, மேற்பக்கம் நீண்டு, வேர்நுனி மண்ணுக்குள் கீழ்நோக்கி வளைகிறது.