வரைபடத்தில் ஒரு கம்பி, கட்டும்போது இரண்டு

வீடு கட்ட வருபவர்கள் இப்போதெல்லாம் போனில் ஒரு படத்தோடுதான் வருகிறார்கள். துபாயில் ஏதாவது ஒரு மாளிகை, சிங்கப்பூரில் மூன்று கோபுரங்களின் தலையில் உட்கார்ந்திருக்கும் நீச்சல் குளம். "சார், இந்த மாதிரி தூண் இல்லாம வெளியே நீட்டிக்கிட்டு ஒரு பால்கனி வேணும்." தாராளமாகச் செய்யலாம். ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்து பிழைக்கிற எனக்கு அப்படிக் கேட்பவர்களைப் பிடிக்கவும் செய்யும். ஆனால் அந்தப் படங்களில் தெரியாத ஒரு சங்கதி உண்டு. கணக்குப் போட்டவர் வரைந்ததும் சைட்டில் கட்டியதும் ஒன்றாக இருப்பதால்தான் அவை நிற்கின்றன. விரிசல் விட்ட வீடுகளைப் பார்க்கப் போகும்போது எனக்குப் பெரும்பாலும் அகப்படுவது டிசைனில் தப்பு இல்லை. டிசைனுக்கும் கட்டியதற்கும் நடுவில் யாரோ செய்த ஒரு 'சின்ன மாற்றம்'.

இது ஏதோ நம் ஊர் மேஸ்திரிகளின் பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் கேன்சஸ் சிட்டியில் 1980-ல் ஹையட் ரீஜென்சி ஹோட்டல் திறக்கப்பட்டது. அதன் அழகே நடுவிலிருந்த உயரமான கூடம்தான். அதன் குறுக்கே, தரையிலிருந்து ஒரு தூண்கூட இல்லாமல், கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்கும் நடைபாலங்கள். இரண்டாவது மாடிப் பாலம் நேராக நாலாவது மாடிப் பாலத்துக்குக் கீழே தொங்கியது. மூன்றாவது மாடிப் பாலம் தனியாக ஒதுங்கி இருந்தது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 36 மீட்டர் நீளம்.

1981 ஜூலை 17, வெள்ளிக்கிழமை மாலை. கூடத்தில் நடன நிகழ்ச்சி, பாலங்களின் மேல் வேடிக்கை பார்க்கும் கூட்டம். நாலாவது மாடிப் பாலம் அறுந்து இரண்டாவதன் மேல் விழுந்து, இரண்டும் சேர்ந்து தரையில் இருந்தவர்கள் மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் காயம்.

காரணத்தைத் தேடியவர்கள் வந்து நின்ற இடம் ஒரு நட்டு. முதல் வரைபடத்தில், கூரையிலிருந்து புறப்படும் ஒரே நீளக் கம்பி நாலாவது மாடிப் பாலத்தின் பீமைத் துளைத்துக்கொண்டு கீழிறங்கி, இரண்டாவது மாடிப் பாலம் வரை போகும். இரண்டு பாலங்களுக்கும் அடியில் தனித்தனி நட்டு. ஆக, ஒவ்வொரு நட்டுக்கும் அதனதன் பாலத்தின் பாரம் மட்டும். காகிதத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செய்கிறவனுக்கு அது தலைவலி. நாலாவது மாடி உயரத்தில் நட்டு வர வேண்டும் என்றால், கீழ் முனையிலிருந்து அந்த இடம் வரைக்கும் கம்பி முழுக்க மரை வெட்ட வேண்டும். பாலத்தைத் தூக்கி மாட்டும்போது அந்த மரை நசுங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரும்பு வேலை எடுத்த நிறுவனம் எளிய வழி ஒன்று சொன்னது. ஒரு கம்பியை இரண்டாக்கிவிடலாம். முதல் கம்பி கூரையிலிருந்து நாலாவது மாடிப் பாலத்தோடு முடிந்துவிடும். அதே பீமில் சற்றுத் தள்ளி இன்னொரு துளை போட்டு, அங்கிருந்து இரண்டாவது கம்பி கீழ்ப்பாலத்தைத் தாங்கும்.

இதில் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். கம்பி அதே தடிமன், பாலம் அதே பாலம். கிணற்றுக் கயிற்றைப் பிடித்து இரண்டு பேர் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் கயிற்றையே பிடித்தால் ஒவ்வொருவர் கைக்கும் அவரவர் எடைதான். கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவரின் காலைப் பிடித்துக்கொண்டால்? கயிற்றுக்கு எந்த மாற்றமும் இல்லை. மேலே இருப்பவரின் கைப்பிடிக்குத்தான் பாரம் இரண்டு மடங்கு. நாலாவது மாடிப் பாலத்தின் அடியிலிருந்த நட்டுக்கு நடந்தது அதுதான். 'ப' வடிவ இரும்புச் சானல்கள் இரண்டை எதிரெதிரே வைத்து வெல்டிங் செய்த பெட்டி பீம் அது. துளையை வேறு அந்த வெல்டிங் கோட்டின் மேலேயே போட்டிருந்தார்கள். பாரம் ஏறியதும் பீமின் அடி பிளந்தது, நட்டு அதற்குள் புகுந்து மேலே வந்துவிட்டது.

விசாரித்த அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு இன்னொன்றும் கண்டுபிடித்தது. மாற்றாமல் பழைய வரைபடத்தின்படியே கட்டியிருந்தாலும் அந்த இணைப்பு, நகரக் கட்டட விதி கேட்ட பலத்தில் சுமார் 60 சதவீதம்தான் தாங்கும். மாற்றியபின் அது 30 சதவீதம். எனக்கு இதில் அதிகம் உறுத்துவது இந்த இடம்தான். மாற்றலாமா என்று கேட்டு வந்தபோது யாராவது பேனாவை எடுத்து ஒரு முறை கணக்குப் போட்டிருந்தால், புதிய தப்போடு பழைய தப்பும் அதே மேஜையில் வெளியே வந்திருக்கும். போனில் பேசிச் சம்மதம் வாங்கினோம் என்றது இரும்பு வேலை நிறுவனம், அப்படி ஒரு பேச்சே நினைவில்லை என்றது பொறியாளர் தரப்பு. எது எப்படியோ, இரண்டு கம்பி போட்ட வரைபடத்தின் மேல் பொறியாளரின் முத்திரை இருந்தது. மாநிலம் அந்தப் பொறியாளர்களின் உரிமத்தைப் பறித்தது.

நியூயார்க்கின் சிட்டிகார்ப் கோபுரம் இதைவிடப் பெரிய சாதனை. 59 மாடி, 279 மீட்டர். அந்த மனையின் ஒரு மூலை ஒரு தேவாலயத்துக்குச் சொந்தம். கோபுரம் வரட்டும், ஆனால் அதே மூலையில் எங்கள் புதிய தேவாலயம் நிற்க வேண்டும், அதற்குள் உங்கள் தூண் வரக்கூடாது என்பது நிபந்தனை. வில்லியம் லெமெஷுரியர் என்ற பொறியாளர் தூண்களை மூலைகளிலிருந்து எடுத்து நான்கு பக்கங்களின் நடுவில் வைத்தார். ஒன்பது மாடி உயரக் கால்களின் மேல் முழுக் கோபுரமும் நின்றது. எடையும் காற்றின் விசையும் அந்த நடுத்தூண்களுக்கு வந்து சேர, எட்டெட்டு மாடிக்கு ஒரு வரிசையாகச் சாய்வு இரும்புகள். 1977-ல் முடிந்தது.

மறு வருடம் ஒரு மாணவர் கேட்ட கேள்வியிலிருந்து லெமெஷுரியர் மூலைக்காற்றுக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். அப்போதைய விதிகள் சுவருக்கு நேராக வரும் காற்றைத்தான் கேட்டன. குறுக்கே மூலையில் மோதினால் சில சாய்வு இரும்புகளில் விசை 40 சதவீதம் கூடியது. அது பரவாயில்லை, சமாளிக்கலாம். ஆனால் அதற்குள் அவருக்கு வேறொன்று தெரிய வந்திருந்தது. அவர் வெல்டிங் என்று வரைந்த இணைப்புகளை, செலவு குறையும் என்று போல்ட்டாக மாற்றியிருந்தார்கள். மாற்றத்துக்குச் சம்மதித்தது அவருடைய அலுவலகமே. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

போல்ட் கணக்கு எப்படிக் கவிழும் என்று பாருங்கள். காற்று 4 பங்கு இழுக்கிறது, கட்டடத்தின் எடை 3 பங்கு அமுக்குகிறது என்றால் போல்ட்டுக்கு மிஞ்சுவது 1. காற்று மட்டும் 40 சதவீதம் கூடினால் 5.6. அமுக்குவது அதே 3. மிச்சம் 2.6. அதாவது 40 சதவீதம் கூடியது போல்ட்டில் 160 சதவீதக் கூடுதலாக வந்து விழுகிறது.

1978 ஆகஸ்டில் தொடங்கி, அலுவலகம் காலியானபின் இரவு இரவாக, இருநூறுக்கும் மேற்பட்ட இணைப்புகளின் மேல் இரண்டு அங்குலத் தகடுகளை வைத்து வெல்டிங் செய்தார்கள். நடுவில் எல்லா என்ற புயல் கடலில் கிளம்பி வயிற்றைக் கலக்கிவிட்டு, வேறு பக்கம் திரும்பிப் போனது. தப்பை ஒப்புக்கொண்டதற்காக லெமெஷுரியரைக் கொண்டாடுகிறவர்கள் நிறையப் பேர். கொண்டாடலாம். ஆனால் அந்தத் தெருவில் வசித்தவர்களுக்கு முழுக் கதை 1995-ல்தான் தெரிந்தது, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூலைக்காற்று உண்மையில் அவ்வளவு ஆபத்துதானா என்று பின்னாளில் மறுகணக்குப் போட்ட ஆய்வாளர்கள் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள். இருக்கட்டும். இணைப்பு மாறியது தலைமைப் பொறியாளருக்கே தெரியாமல் போனது, எனக்கு அதுதான் முக்கியம்.

சிட்னி ஓபரா ஹவுஸில் கதை தலைகீழ். அங்கே சிக்கல் மாறிய வரைபடம் இல்லை, முடியாத வரைபடம். சிப்பி மாதிரி எழும் அதன் கான்கிரீட் கூரைகளின் வடிவம் முடிவாவதற்கு முன்பே 1959-ல் அரசு அவசரப்பட்டு அடித்தள வேலையைத் தொடங்கியது. அந்தக் கூரைகளின் எடை தெரிந்தபோது, கட்டி முடித்த தூண்கள் போதவில்லை. உடைத்துத் திரும்பக் கட்டினார்கள். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று போட்ட மதிப்பீடு 1973-ல் திறக்கும்போது 10 கோடியே 20 லட்சம். நம் ஊரில் முகூர்த்த நாள் தப்பிவிடக் கூடாது என்று பூமி பூஜை போட்டு அஸ்திவாரமும் தோண்டியபின், "மேலே இன்னொரு மாடி வரும் சார், பரவாயில்லதானே?" என்று கேட்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். இங்கே மாற்றங்கள் சத்தமில்லாமல் நடக்கும். பீமின் அடியில் இரண்டு 16 மி.மீ. கம்பி என்று எழுதியிருப்பேன். கடையில் 16 இல்லை, 12 இருக்கிறது. "ரெண்டுக்குப் பதில் மூணே போட்டுட்டோம் சார்" என்பார் மேஸ்திரி, எனக்கே உபகாரம் செய்த மாதிரி. இரண்டு 16 மி.மீ. கம்பியின் குறுக்குப் பரப்பு 402 சதுர மி.மீ. மூன்று 12 மி.மீ. சேர்ந்தாலும் 339தான். எண்ணிக்கை கூடியது, இரும்பு குறைந்தது. நாலு போட்டால் 452 வரும். ஆனால் அந்த அகலத்துக்குள் நாலு கம்பிக்கும் நடுவே ஜல்லி இறங்குமா என்று பார்க்க வேண்டும்.

அந்தத் தூண் இல்லாத பால்கனிக்கு இன்னொரு கண்டம் உண்டு. வெளியே நீளும் தளத்துக்கு இழுவிசை மேல்பக்கம், அதனால் முக்கியக் கம்பி மேலேதான் இருக்க வேண்டும். மற்ற தளங்களில் கம்பி கீழே இருந்து பழகிய கை, இங்கேயும் கீழே போட்டுவிடும். சரியாக மேலே கட்டியிருந்தாலும், கான்கிரீட் போடுகிறவர்கள் சட்டியோடு அதன் மேலேயே நடப்பார்கள். 125 மி.மீ. தடிமன் தளத்தில், அடி விளிம்பிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி மிதிபட்டு 60-க்கு இறங்கினால் பலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கம்பியைத் தாங்க அடியில் நாற்காலிக் கம்பி வைத்து, மேலே நடக்கப் பலகை போட்டால் தீர்ந்தது.

அப்புறம் ஏசி குழாய்க்காகப் பீமில் போடும் ஓட்டை. கார் திரும்பவில்லை என்று ஒரு அடி தள்ளிப் போன பில்லர். வரைபடத்தில் சுவரே இல்லாத இடத்தில் திடீரென்று முளைக்கும் பூஜை அறைச் சுவர். இவை எதையும் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முக்கால்வாசிக்கு வழி இருக்கிறது. ஆனால் வழியைக் கணக்குப் போட்டவர்தான் சொல்ல வேண்டும். சொன்னதை வரைபடத்திலேயே தேதி போட்டுத் திருத்தி, கையெழுத்தும் போட வேண்டும். "இன்ஜினியர் போன்ல சரின்னுட்டார்" என்பது கேன்சஸ் சிட்டியிலும் செல்லுபடியாகவில்லை.

கம்பியைப் பார்க்க உங்கள் இன்ஜினியரைக் கான்கிரீட் போடும் நாளுக்கு முந்தின நாளே கூப்பிடுங்கள். அன்றைக்கே கூப்பிட்டால் மிக்சர் வண்டி வாசலில் நிற்கும், இருபது பேர் கூலிக்கு வந்திருப்பார்கள், தப்பைப் பார்த்தாலும் 'நிறுத்து' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. டேப்பை வைத்து நாலு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் மூடிவிட்டால் உள்ளே இருப்பதற்கு அதுதான் சாட்சி. கட்டணம் பேசும்போதே எத்தனை முறை சைட்டுக்கு வருவார் என்று கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். வரைபடத்துக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு, தளம் போடும் நாளில் அவர் வரவில்லையே என்று குறைப்படுவதில் பலன் இல்லை.