மூடி போடாமல் பியர் நொதிக்க வைக்கலாமா?

“இட்லி மாவை இறுக்கி மூடாமல்தானே புளிக்க வைக்கிறோம், பியரையும் அப்படி வைத்தால் என்ன?” கோலாலம்பூரில் உணவுப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் என்னிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில் படிக்கப் போய், அங்கே வீட்டில் பியர் காய்ச்சிப் பழகிவிட்டுத் திரும்பிய பிள்ளைகள். அங்கே அது சட்டப்படி சரி. இங்கே 1976-ஆம் ஆண்டு கலால் சட்டப்படி உரிமம் வேண்டும். ‘வீட்டுக்குத்தானே’ என்ற பேச்சு எடுபடாது.

சரி, கேள்விக்கு வருவோம். இட்லி மாவில் பெரும்பாலும் வேலை செய்வது பாக்டீரியா. அந்தப் புளிப்புதான் நமக்கு வேண்டும், அப்புறம் ஆவியில் வெந்தும் விடுகிறது. பியரில் வேலை செய்ய வேண்டியது ஈஸ்ட். நொதித்த பிறகு அதை யாரும் கொதிக்க வைப்பதில்லை, அதனால் உள்ளே புகுந்த கிருமி அப்படியே தங்கிவிடும்.

அதற்காகத் திறந்த நொதிப்பு கிறுக்குத்தனம் இல்லை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலும், ஜெர்மனியின் பவேரியாவில் கோதுமை பியர் காய்ச்சும் சில ஆலைகளிலும் இன்றும் திறந்த தொட்டிகள்தான். அழுத்தம் குறைவதால் வாழைப்பழ வாசம் தூக்கலாக வரும். அங்கே மூடியின் வேலையை நுரை பார்த்துக்கொள்கிறது. ஈஸ்ட் வேகமெடுத்ததும் நாலு விரல் உயரத்துக்குப் பழுப்பு நுரை எழும்பும். கீழிருந்து கார்பன் டை ஆக்சைடு காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சில நாளில் நுரை உட்காரத் தொடங்கும். அப்போதே மூடிய கலனுக்கு மாற்றாவிட்டால் காவல் போச்சு.

நம் ஊரில் சூடு வேறு. ‘ஏல்’ வகை பியருக்கான ஈஸ்ட்டுக்குத் தோதானது 18 முதல் 22 டிகிரி. நம் வீட்டுச் சமையலறையில் சாதாரணமாகவே 30. அந்தச் சூட்டில் தின்னர் வாடை ஏறிவிடும். அடுத்து, பழ ஈ. அது அசிட்டிக் அமில பாக்டீரியாவைச் சுமந்து வரும். காற்றும் கிடைத்தால் பியர் வினிகர்தான். கொசுவலையை நம்ப வேண்டாம், நெருக்கமாக நெய்த வேட்டித் துணி தேவலை.

யாரும் யோசிக்காதது வாயு. 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 20 லிட்டர் பியர் நொதித்து முடிவதற்குள் ஏறத்தாழ 400 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தங்கும், மூச்சை அடைக்கும். ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டுக் கலனுக்குள் தலையை விட்டு மோந்து பார்க்காதீர்கள்.

2018-இல் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மது குடித்து நடந்த சாவுகளை நினைத்து, மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் இதில் வருமா என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். அது மெத்தனால் கலந்த கலப்பட மது. மால்ட், அதாவது பியருக்கான முளைகட்டிய தானியம், நொதிப்பதால் அந்த அளவு மெத்தனால் உண்டாவதில்லை.

மேலே வெள்ளையாக ஏடு படிந்தால் அது காட்டு ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ. பெரும்பாலும் ருசிதான் போகும். பச்சையாகவோ கறுப்பாகவோ ரோமம் போலப் பூஞ்சை வந்திருந்தால், வழித்துப் போட்டுவிட்டுக் குடிக்கலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். சிங்க்கில் ஊற்றிவிடுங்கள்.