பக்கத்து வீட்டின் ரேடான் அளவு உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது

மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயுவான ரேடானின் அபாயம் மிகுந்தது என்று வரைபடத்தில் குறிக்கப்பட்ட பகுதிகளில் வீடுகளைச் சோதிக்கும் எனது பணியில், "பக்கத்து வீட்டில் அளந்தார்கள், குறைவாகத்தான் வந்தது; எங்களுக்கும் அப்படித்தானே இருக்கும்?" என்று கேட்காதவர்கள் குறைவு. அப்படி இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒரே தெருவில், ஒரே அமைப்பில் கட்டப்பட்ட இரண்டு வீடுகளில், ஒன்றில் கனமீட்டருக்கு 100 பெக்கரலுக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) குறைவாகவும் மற்றொன்றில் அதைப்போலப் பல மடங்காகவும் அளவு வந்ததைக் கண்டிருக்கிறேன்.

பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, அந்த ரேடியத்திலிருந்து ரேடான் வாயு பிறக்கிறது. வீட்டினுள் உள்ள வெதுவெதுப்பான காற்று மேலெழுந்து வெளியேறும்போது கீழ்த்தளத்தில் அழுத்தம் சற்றே குறைவதால், தரையின் விரிசல், சுவரும் தரையும் சேரும் இடுக்கு, குழாய்கள் நுழையும் துளை ஆகியவற்றின் வழியே மண்ணிலுள்ள வாயு உள்ளே இழுக்கப்படுகிறது. இந்த வழிகள் வீட்டுக்கு வீடு மாறுபடும். வரைபடம் ஒரு பகுதியின் வாய்ப்பைச் சொல்லுமே தவிர, உங்கள் படுக்கையறையைப் பற்றி எதுவும் சொல்லாது.

நிறமோ மணமோ இல்லாத இந்த வாயு சிதைந்து உண்டாகும் பொலோனியம் என்னும் கதிரியக்கத் தனிமம் தூசியில் ஒட்டி நுரையீரலில் படிந்து, ஆல்பா துகள்கள் என்னும் கதிர்வீச்சை உமிழ்ந்து செல்களைச் சேதப்படுத்துகிறது. நீண்டகாலச் சராசரி அளவு 100 பெக்கரல் கூடும்போதெல்லாம் நுரையீரல் புற்றுநோய் அபாயம் சுமார் 16 விழுக்காடு உயர்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. புகைபிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து பன்மடங்கு அதிகம். வீடுகளுக்கு 100 பெக்கரலைத் தாண்டக்கூடாத அளவாகக் கொள்ளவும், அது இயலாத இடங்களில் 300ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளவும் அந்நிறுவனம் 2009இல் பரிந்துரைத்தது.

சோதனை எளிதானது. சிறு டப்பாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் வில்லையின் மீது ஆல்பா துகள்கள் பட்டு நுண்ணிய வடுக்கள் விழும். ஆய்வகத்தில் காரக் கரைசலில் ஊறவைத்து அவற்றைப் பெரிதாக்கி, நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். இந்த டப்பாவை வீட்டில் குறைந்தது மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். கரித்தூளில் ரேடானை உறிஞ்சவைத்து அளக்கும், சில நாள்களில் முடியும் கரித்தூள் சோதனை அவசரத்துக்கு உதவும். ஆனால் மழையும் காற்றழுத்தமும் ரேடான் அளவை நாளுக்கு நாள் மாற்றுவதால், அதை மட்டும் நம்பி நிம்மதி அடைவது சரியல்ல. குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாதென்று சிலர் டப்பாவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அப்போது கிடைப்பது அலமாரியின் அளவே. குடும்பத்தினர் அதிக நேரம் இருக்கும் கீழ்த்தள அறையில், தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேல், சன்னலையும் வெப்பமூட்டியையும் விட்டு விலக்கி வையுங்கள். சமையலறையும் குளியலறையும் வேண்டாம்.

அளவு கூடுதலாக வந்தால் வீட்டை விற்கத் தேவையில்லை. விரிசல்களை அடைப்பது மட்டும் பெரும்பாலும் போதாது. தரைக்கு அடியில் குழாய் இறக்கி, விசிறியால் வாயுவை உறிஞ்சிக் கூரைக்கு மேல் வெளியேற்றுவதே நம்பகமான வழி. பொருத்திய பின் மறுபடியும் அளக்க வேண்டும். குழாயில் இருக்கும், திரவம் கொண்ட U வடிவ அழுத்தமானியையும் அவ்வப்போது பாருங்கள். அதன் இரு பக்கத் திரவமும் ஒரே மட்டத்தில் நின்றால் விசிறி இழுக்கவில்லை என்று பொருள். உடனே ஆளை அழைத்துப் பழுது பார்க்கச் சொல்லுங்கள்.