மூன்றாவது மோட்டருக்கு என்ன வேலை?

நிலாவெளியிலிருந்து ஒரு தம்பி படம் ஒன்றை அனுப்பிக் கேட்டிருந்தார்: "அண்ணா, நடுவில இருக்கிற வெள்ளியெல்லாம் புள்ளியாத்தான் இருக்கு, மூலையில இருக்கிறது மட்டும் வில்லு மாதிரி வளைஞ்சு கிடக்கு. லென்ஸ் பழுதோ? கமெராவைச் சுழற்றுற ரோட்டேற்றர் பூட்டினாச் சரிவரும் எண்டு சொல்றாங்க, உண்மையா?"

படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். ஒமேகா சென்ரோரி என்ற வெள்ளிக்கூட்டம். வைகாசி இரவு பத்து மணிபோல நேர் தெற்கில் நிற்கும்போது, ஒரு படத்துக்கு 20 செக்கன் விட்டு எடுத்திருக்கிறார். லென்ஸில் பிழையில்லை. வளைவுகள் எல்லாம் படத்தின் நடுவைச் சுற்றியே வளைந்திருக்கின்றன, அதுதான் துப்பு.

அவருடைய தொலைநோக்கியில் இரண்டு மோட்டர்கள். ஒன்று இடவலமாகத் திருப்பும், மற்றது மேலும் கீழும் ஆட்டும். பூமி சுழல்வதால் வெள்ளிகள் நகர்கின்றன, இரண்டு மோட்டரும் சேர்ந்து அவற்றை விரட்டிப் பிடிக்கின்றன. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நடுவிலுள்ள வெள்ளி நடுவிலேயே நிற்கும். ஆனால் அதைச் சுற்றியுள்ள வானம் மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருக்கும், அதை நிறுத்த இந்த இரண்டு மோட்டராலும் முடியாது.

நம்பாதவர்கள் அடுத்த பூரணையன்று நிலவிலுள்ள முயலைப் பாருங்கள். பொழுதுபடக் கடலிலிருந்து எழும்பும்போது ஒருமாதிரிக் கிடக்கும். விடியப்புறம் மேற்கே இறங்கும்போது பார்த்தால், கிட்டத்தட்டத் தலைகீழ். எங்கள் ஊரில் ஓர் இரவுக்குள் அது ஏறத்தாழ 160 பாகை புரண்டுவிடுகிறது. (பிறை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று பார்த்து மழை சொல்லும் பெரியவர்களை நான் முன்பு கேலி செய்ததுண்டு. பிறகு யோசித்தால், அந்தச் சரிவு மாதத்தோடு மாறுவது, புரட்டாதிப் பிறையில் வடக்குக் கொம்பு உயர்ந்திருக்கும், அதற்குப் பின்னால் ஐப்பசி மழை வரத்தான் செய்யும். அவர்கள் பிறையைப் பார்த்து மாதத்தைச் சொல்லியிருக்கிறார்கள், மழையைச் சொன்னதாக நினைத்துக்கொண்டு. ஆனால் இந்த வருசம் கூடப் பெய்யுமா குறையப் பெய்யுமா என்று பிறையிடம் கேட்டால் பதில் கிடையாது.)

சரி, ஏன் புரள்கிறது? இதற்குத் திருகோணமலையைப்போல வசதியான இடம் கிடையாது. உப்புவெளிக் கடற்கரையில் கடலைப் பார்த்து நில்லுங்கள். வடதுருவ வெள்ளி இடக்கைப் பக்கம். எதிரே ஒரு வெள்ளி எழும்புகிறது, அதற்கும் வடக்கு என்பது இடப்பக்கம்தான். அது நேராக மேலே ஏறுகிறது, ஏற ஏற வடக்கு இடப்பக்கத்திலேயே இருக்கிறது. உச்சிக்கு வந்ததும் உங்கள் கழுத்து அதற்குமேல் வளையாது, ஊர்ப்பக்கம் திரும்பி நின்றுதான் அது இறங்குவதைப் பார்க்க வேண்டும். இப்போது வடக்கு வலக்கைப் பக்கம்! இடம் எப்போது வலமானது? ஏறும்போதும் இல்லை, இறங்கும்போதும் இல்லை. உச்சியில் நீங்கள் திரும்பிய அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எல்லாம் நடந்துவிட்டது. தொலைநோக்கியும் அதையேதான் செய்கிறது. கமெராவுக்கு "மேல்" என்பது தலைக்கு மேலுள்ள உச்சி, வெள்ளிகளுக்கு "மேல்" என்பது துருவம். இந்த இரண்டு "மேல்"களுக்கும் இடையிலுள்ள கோணம் மாறுவதைத்தான் படம் சுழல்வதாகக் காண்கிறோம்.

கணக்கும் சின்னதுதான். வடக்கிலிருந்து அளந்த திசையின் கோசைனை, வெள்ளி நிற்கும் உயரத்தின் கோசைனால் வகுங்கள். அதை ஊரின் அகலக்கோட்டுக் கோசைனாலும் 15ஆலும் பெருக்கினால், மணிக்கு எத்தனை பாகை என்று வரும். துருவத்தில் நிற்பவருக்குப் பூச்சியம், மத்திய கோட்டில் நிற்பவருக்கு அதிகூடியது. நாங்கள் எட்டரைப் பாகையில் இருப்பதால் அந்த அதிகூடியதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது எங்களுக்கு. ஓரியன் நெபுலா என்ற வாயுமுகில் கிழக்கே 30 பாகை உயரத்தில் இருக்கும்போது மணிக்கு மூன்றரைப் பாகைதான் சுழலும், அதே நெபுலா உச்சிக்குக் கிட்ட வந்ததும் மணிக்கு 60 பாகையைத் தாண்டும். ஒரே பொருள், ஒரே இரவு! முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டபோது பிழைவிட்டுவிட்டேன் என்று நினைத்துத் திரும்பவும் போட்டேன்.

தம்பியின் படத்துக்கு வந்தால் மணிக்குச் சுமார் 18 பாகை. 20 செக்கனில் ஒரு பாகையில் பத்திலொன்று, நடுவிலிருந்து 3,000 பிக்சல் தள்ளியிருக்கும் மூலையில் அது 5 பிக்சல் வளைவு. அவர் கண்ட வில் அதுதான்.

ரோட்டேற்றர் என்பது மூன்றாவது மோட்டர். நடுவில் ஓட்டையுள்ள ஒரு பல்லுச்சக்கரம், அதைத் தள்ள ஒரு சின்ன ஸ்டெப்பர் மோட்டர், அவ்வளவுதான். தொலைநோக்கிக்கும் கமெராவுக்கும் நடுவில் பூட்டினால், வானம் சுழலும் வேகத்திலேயே கமெராவையும் சுழற்றும். பெரிய தொலைநோக்கிகள் இப்போது எல்லாம் இப்படித்தான். 1948இல் வந்த பலோமரின் 5 மீற்றர் தொலைநோக்கி பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாகச் சாய்ந்த தாங்கியில் நின்றது, அதில் படம் சுழலாது. 1975இல் சோவியத்தின் 6 மீற்றர் தொலைநோக்கி வந்து, கணினி இருந்தால் அந்தப் பிரமாண்டமான சாய்ந்த தாங்கி தேவையில்லை என்று காட்டியது. சிலியின் வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டதே, அங்கே ஏறத்தாழ 3 தொன் எடையுள்ள 3,200 மெகாபிக்சல் கமெராவையே சுழற்றுகிறார்கள்.

நாங்களும் சாய்ந்த தாங்கியே வாங்கலாமே என்றால், வாங்கலாம்தான். ஆனால் அதன் அச்சைத் துருவ வெள்ளிக்கு நேராகப் பிடிக்க வேண்டும், அது இங்கே அடிவானிலிருந்து எட்டரைப் பாகை, கையை நீட்டிப் பொத்திப் பிடித்தால் ஒரு கைப்பொத்து அளவுகூட இல்லை. பாதி நாள் கடற்புகாரிலோ யாருடையவோ தென்னைக்குப் பின்னாலோதான் கிடக்கும். பல தாங்கிகள் அவ்வளவு கீழே சாயவும் மாட்டா, சாய்ந்தால் எடைக்கட்டை முக்காலியின் காலில் இடிக்கும்.

சாய்ந்த தாங்கி வைத்திருப்பவர்களுக்கு ரோட்டேற்றரின் வேலை வேறு: அந்திரொமேடா கலக்சியைப் படத்துக்குள் மூலைக்கு மூலை பொருத்துவதும், மறுநாள் அதே கோணத்துக்குத் திரும்புவதும். அதற்கு ஸ்குரூவைத் தளர்த்திக் கையால் திருப்பினாலே போதும், மோட்டர் ஆடம்பரம்.

பூட்டுகிறவர்கள் கேபிளைக் கவனியுங்கள். என்னுடையதற்கு எதுவரை சுற்றலாம் என்று எல்லை வைக்க மறந்துவிட்டேன். போன ஆடியில் விடிய மூன்று மணிக்கு அது ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போய், யூஎஸ்பி கேபிளைக் குழாயில் கொடிபோலச் சுருட்டி, கடைசியில் சொருகியைப் பிடுங்கிவிட்டது. இன்னொன்று, ரோட்டேற்றரின் தடிப்பையும் கணக்கில் எடுங்கள். படத்தட்டையாக்கும் லென்ஸிலிருந்து சென்சர்வரை பெரும்பாலும் 55 மில்லிமீற்றர்தான் இடம், அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும்.

ஓர் ஆதங்கம். 1956இல் கோணேசர் மலையடிக் கடலில் முங்கிப் பழைய கோயிலின் தூண்களைக் கண்ட எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் பெயரில் மொரட்டுவையில் ஒரு நிறுவனம் இருக்கிறது, ஜப்பான் தந்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கியும் அங்கேதான். வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை அந்தப் பக்கம் முகில், எங்கள் பக்கம் கச்சான் காற்றும் துப்புரவான வானமும். ஒரு சின்னக் குவிமாடத்துக்காவது கிழக்கில் காசு ஒதுக்கியிருக்கலாம்.

தம்பி, நீங்கள் இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். தெற்கே பார்க்கும்போது 20 செக்கனை 5 ஆக்குங்கள், வளைவு ஒன்றேகால் பிக்சலுக்கு இறங்கும். ஒவ்வொரு படத்தையும் திருப்பி அடுக்குவதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும், மூலைகள் கொஞ்சம் வெட்டுப்படும், அவ்வளவுதான். நீண்ட நேரப் படம் வேண்டுமென்றால் கிழக்கே கடலுக்கு மேல் ஏறுவதைப் பிடியுங்கள், உச்சிக்கு வருமுன் நிறுத்துங்கள். விடியமுன் கண்ணாடியை மூடிவிடுங்கள், பனியோடு உப்பும் இறங்கும்.